நாலு மணிப் பசி: பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

திருச்சியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரைக்கு, தைராய்டுக்கு, பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு என்று டயட் சீட்டு வாங்கத்தான் பெண்கள் வருவார்கள். சீட்டு எழுதி முடித்து, கூட வந்த கணவரோ அம்மாவோ மருந்து வாங்க வெளியே போனதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று கேட்பார்கள். பதினான்கு வருடமாகக் கேட்ட அந்தக் கேள்விகள்தான் இவை. அவர்கள் கேட்ட பேச்சிலேயே போட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

1. "பசியே இல்ல மேடம், ஆனா சாப்பிட்டுட்டே இருக்கேன். இது என்ன வியாதி?"

பெரும்பாலும் வியாதி இல்லை. வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும். இட்லியோ பழைய சோறோ, எது கிடைத்தாலும் ஒத்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் அடங்கிவிடும். மனசுப் பசி திடீரென்று வரும். அதுக்கு மிக்சர்தான் வேண்டும், இல்லையென்றால் கல்யாண வீட்டிலிருந்து வந்த லட்டுதான் வேண்டும். வயிறு முட்டிய பிறகும் கை நிற்காது.

கவலையையோ சலிப்பையோ சாப்பாட்டால் ஆற்றிக்கொள்வது மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அழுகிற குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து நாமே அதைப் பழக்குகிறோம். எப்போதாவது நடந்தால் பரவாயில்லை. மனசை ஆற்ற வேறு வழியே இல்லை என்று ஆகும்போதுதான் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனசுப் பசி என்று என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் வயிற்றுப் பசியும் கலந்துதான் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

2. "காலைலேருந்து நல்லாத்தான் இருப்பேன். சாயங்காலம் நாலு மணி ஆனா என்னைக் கட்டுப்படுத்தவே முடியல. எனக்கு மன உறுதியே கிடையாதா?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதைக் கேட்ட ஒருவருக்கு 38 வயது. ஐந்தரைக்கு எழுந்து ஒரு காபி. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், கணவருக்கு ஒன்று, மாமியாருக்குத் தனியாகக் காரமில்லாத சட்னி. எல்லாரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்றபடியே பையன் தட்டில் மிச்சம் வைத்த அரை இட்லி. "அவ்வளவுதான் மேடம், வெயிட் குறையட்டும்னு டிபனை விட்டுட்டேன்." மதியம் சோறு வேண்டாம் என்று வெள்ளரிக்காயும் ஒரு கை சுண்டலும். நாலு மணிக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போவார். மேல் தட்டில் முறுக்கு டப்பா இருக்கும். மாமியாருக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நகத்தால் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவாராம். தட்டு கிடையாது, உட்காருவது கிடையாது. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்கிற வரைக்கும் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

காலையிலிருந்து அதுவரை உள்ளே போனதைக் கூட்டிப் பார்த்தோம். 400 கலோரி தேறவில்லை. பத்து மணி நேரம் ஓடிய உடம்பு கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. 1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றுக்குச் சாப்பிட வைத்துப் பார்த்தார். எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. கூடவே அவர்கள் நினைப்பெல்லாம் சாப்பாடாகிப் போனது. சமையல் குறிப்புப் புத்தகங்களை வரி விடாமல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. வலுவான ஆண்களுக்கே அப்படி. காலையிலிருந்து அரை இட்லியில் நிற்கிற பெண் முறுக்கு டப்பாவைத் திறந்ததற்குத் தன்னைத் திட்டிக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை.

3. "ஒண்ணே ஒண்ணுன்னுதான் எடுப்பேன். அதுக்கப்புறம் டப்பாவே காலியாயிடுது. எப்படி?"

"இன்னிக்கு டயட் போச்சு, இனிமே என்ன" என்று ஒரு குரல் மனசுக்குள் கேட்குமே, அதுதான் காரணம். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ருசி பார்க்கச் சொல்லி எல்லார் முன்னாலும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருக்கிறவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி ஒரு முறை உடைந்ததும் அன்றைய நாளே கைவிட்டுப் போகிறது.

அதனால் "இனிமேல் முறுக்கைத் தொடவே மாட்டேன்" என்று யாரையும் நான் சபதம் எடுக்க விடுவதில்லை. இரண்டு முறுக்கை ஒரு தட்டில் வைத்து, டீயோடு, உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்கவே சாப்பிடச் சொல்வேன். நிறைய பேருக்கு "பார்க்கவே" என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒளிந்து சாப்பிடும்போது கணக்கும் இருக்காது, ருசியும் தெரியாது.

4. "அழுகை வரும்போது சாப்பிட்டா மனசு லேசாகுது. அதுல என்ன தப்பு?"

தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் உண்மையிலேயே லேசாகிறதா என்று பாருங்கள். கட்டுக்கடங்காமல் சாப்பிடுகிறவர்களின் மனநிலையை அன்றாடம் பதிவு செய்த பல ஆய்வுகளை 2011-ல் சேர்த்துப் பார்த்தார்கள். சாப்பிடுவதற்கு முன் மனசு கனத்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். சாப்பிட்ட பிறகு இன்னும் கனத்திருந்தது. வாயில் மெல்லுகிற அந்தச் சில நிமிடம் வேறு எதுவும் நினைவுக்கு வராது, அவ்வளவுதான் ஆறுதல். அப்புறம் பழைய வருத்தத்தோடு சாப்பிட்ட வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

"கோபத்தை முழுங்கினேன்", "அழுகையை முழுங்கினேன்" என்று நம் பேச்சிலேயே இருக்கிறது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் என்ன ஆகிறது என்று ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990-களில் தொடர்ந்து ஆராய்ந்தார். வெளியே தெரியாமல் போகிறதே தவிர, உள்ளே வேதனை குறைவதில்லை. உடம்பின் படபடப்பு கூடத்தான் செய்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மருமகளுக்குக் கோபப்பட இடம் கிடையாது, அழ ஒரு அறை கிடையாது. தனியாக நிற்க முடிகிற ஒரே இடம் அடுப்படி, அங்கே கைக்கு எட்டுவது டப்பா. ஆகவே, சாப்பிடாதே என்று சொல்லும் முன், அந்தக் கோபம் போவதற்கு வேறொரு வழி வேண்டும். என்னிடம் வருகிற ஒருவர் மொட்டை மாடிக்குப் போய்த் துணி மடித்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போடுவார். இன்னொருவர் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவார்: "இப்ப கோபம். காரணம் இது." ஆத்திரம், அவமானம், ஏக்கம் என்று சரியான பெயர் வைத்து எழுதினாலே வேகம் கொஞ்சம் தணிகிறது.

5. "என் உடம்பைக் கண்ணாடில பார்த்தாலே வெறுப்பா இருக்கு. அந்த வெறுப்பு இருந்தாத்தானே மெலிய முடியும்?"

நிறைய அம்மாக்கள் மகள்களிடம் சொல்வதும் இதுதான்: ரோஷம் வந்தால்தான் குறைப்பாள் என்று. நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. ரோஷத்தில் மூன்று நாள் பட்டினி கிடப்பாள், நான்காம் நாள் 2-வது கேள்வியில் வந்து நிற்பாள். கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது தன்னைப் பற்றிய நினைப்பிலிருந்தே தப்பி ஓடுகிற முயற்சி என்று ஹீதர்டன், பாமைஸ்டர் என்ற இருவர் 1991-ல் எழுதினார்கள். தன்மீது வெறுப்பு கூடக் கூட, தப்பி ஓடவும் அதிகம் தோன்றும். அப்புறம் வெறுப்பு எப்படி மருந்தாகும்?

ஒரு ஆசிரியை சொன்னது மறக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை ரவிக்கையைப் பிரித்துவிடத் தையல் கடைக்குப் போயிருக்கிறார். உள்தையலைத் திருப்பிப் பார்த்த டெய்லர், "இதுல விட இனிமே துணி இல்லக்கா" என்று சொல்லியிருக்கிறார். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு இரவு இவர் சாப்பிடவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, ஸ்டாஃப் ரூமில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கில் நான்கு துண்டு. அந்தக் கேக்குக்கு முன்னால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவரை நான் முதலில் செய்யச் சொன்னது, இப்போதைய அளவுக்கு இரண்டு ரவிக்கை தைத்துக்கொள்வது. இறுக்கிப் பிடிக்கிற துணி நாள் முழுக்க உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

6. "சரி, நாளைக்குக் காலைல எந்திரிச்சு நான் என்ன செய்யணும்?"

காலை டிபனை உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிச்சத்தை அல்ல, உங்களுக்கென்று சுட்டதை. கட்டுக்கடங்காமல் சாப்பிடும் பழக்கத்துக்கு உலகம் முழுக்கத் தரப்படும் பேச்சு வழிச் சிகிச்சையில் ஆரம்பப் படி இதுதான்: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, எதற்கும் இடையில் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய முறை அது. நம் வீட்டுக் கணக்கில் எட்டு மணிக்கு டிபன், பதினொன்றுக்கு மோரோ பழமோ, ஒரு மணிக்குச் சோறு, நாலுக்குச் சுண்டலும் டீயும், எட்டுக்கு இரவுச் சாப்பாடு. பசி வந்ததா என்று பார்க்காமல் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள். பல வருடம் பசியை அடக்கியவர்களுக்குப் பசியின் குரல் சரியாகக் கேட்காது.

டப்பா கூப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நாலு மணி நேரம் ஆகியிருந்தால் அது பசி, தட்டு போடுங்கள். ஆகவில்லை என்றால், போன ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். யாராவது ஏதாவது சொன்னார்களா? இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். அந்த இரண்டு வாரமும் எடை மெஷினில் ஏற வேண்டாம்.

7. "எங்க பாட்டி காலத்துல இந்த மாதிரி கவலை எல்லாம் இருந்துச்சா?"

வேறு விதமாக இருந்தது. "பூசினாற்போல இருக்கா" என்பது அன்றைக்குப் பாராட்டு. ஒல்லியாக இருந்தால் "காத்தடிச்சா பறந்துடுவா" என்பார்கள். டீ, காபி குடித்தால் கறுத்துவிடுவாய் என்று பெண் பிள்ளைகளைத் தடுத்தது இன்னும் பல வீடுகளில் உண்டு. அதில் கொஞ்சமும் உண்மை இல்லை. ஆனாலும் பெண்ணின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவள் தோற்றத்தை வைத்து ஊர் முடிவு செய்வது புதிதல்ல என்று அதிலிருந்தே தெரிகிறதே.

எந்த உடம்பு அழகு என்பது எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு ஃபிஜித் தீவு ஒரு சாட்சி. நல்ல சதைப்பிடிப்பான உடம்பை மெச்சிய ஊர் அது. 1995-ல் நட்ரோகா என்ற பகுதிக்கு டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கே பள்ளிப் பெண்களிடம் டிவி வந்த புதிதிலும், மூன்று வருடம் கழித்தும் விசாரித்தார். பட்டினி கிடப்பது, கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது போன்ற உணவுக் கோளாறுக்கான அறிகுறி அதிகம் காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். முதல் தடவை கேட்டபோது மெலிவதற்காக வாந்தி எடுக்கிறேன் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு டிவிக்கே அப்படி. இப்போது கையிலேயே போன், அதில் நம் முகத்தையே மெலிதாக்கிக் காட்டுகிற ஃபில்டர். உங்களைக் கூசவைக்கிற கணக்குகளைத் தயங்காமல் அன்ஃபாலோ செய்யுங்கள்.

8. "நான் ஒல்லி. பார்க்கிறவங்க எல்லாம் சாப்பிடு சாப்பிடுங்கறாங்க. சோத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

அப்படியே பொருந்தும். "எலும்புக்கூடு" என்பதும் உடம்பைக் கேலி செய்வதுதான், 5-ல் சொன்ன வெறுப்பு இதிலும் வரும். சிலருக்கு மனசு கலங்கினால் வயிறு மூடிக்கொள்ளும், தொண்டைக்குக் கீழ் இறங்காது. 6-வது பதிலில் உள்ள நேரக் கணக்கு உங்களுக்கும்தான், சிறு அளவில். காரணமே இல்லாமல் எடை இறங்கினால் மட்டும் முதலில் ரத்தப் பரிசோதனை.

9. "பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் இனிப்பா தேடுறேன். இதுவும் மனசுப் பசியா?"

அந்த நாட்களில் ஹார்மோன் மாற்றத்தால் பசி இயல்பாகவே கூடும். பல பெண்களுக்கு உள்ளது. சண்டை போடாமல் ஒரு சிற்றுண்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் நல்லது.

10. "பிசிஓடி இருக்கு. வெயிட் குறைச்சே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க மெஷின்ல ஏறாதேங்கறீங்க. நான் யார் பேச்சைக் கேட்கறது?"

டாக்டர் சொன்னது தவறில்லை. உடம்பு கனத்தவர்களுக்குப் பிசிஓடியில் எடை கொஞ்சம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு உண்டு. ஆனால் பிசிஓடி உள்ள பெண்களுக்கு உடம்பைப் பற்றிய வேதனையும் கட்டுக்கடங்காமல் சாப்பிடுவதும் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். அதையும் விசாரியுங்கள் என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டி மருத்துவர்களுக்கே சொல்கிறது. மீசை அரும்பு, முகப்பரு, முடி உதிர்வு என்று ஏற்கெனவே கண்ணாடிக்குப் பயப்படுகிற பெண்ணிடம் "குறை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவள் பட்டினிதான் கிடப்பாள்.

என் வரிசை இது: முதலில் நேரத்துக்குச் சாப்பாடு, அப்புறம் நடையும் தூக்கமும், கடைசியில் எடை. எடைக்குப் பதிலாக மாதவிடாய் தேதி, இடுப்பளவு, சர்க்கரை அளவு இவற்றைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கனத்த உடம்புக்குள்ளும் சத்துக் குறைவு இருக்கும். அந்த உடம்பை இன்னும் பட்டினி போட்டால் என்ன மிஞ்சும்?

11. "வெள்ளிக்கிழமை விரதம் இருக்கேன். அதையும் விடச் சொல்வீங்களா?"

சாமிக்காக இருக்கிற விரதத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: டாக்டர் இந்த மாதம் விரதம் வேண்டாம் என்றால் வருத்தம் எதற்காக வரும்? சாமிக்குக் குறை வைத்துவிட்டோமே என்றா, எடை ஏறிவிடுமே என்றா? இரண்டாவது என்றால் அது விரதப் பெயரில் நடக்கிற டயட். கல்லூரிப் பெண் ஒருத்தி வெள்ளி, அப்புறம் செவ்வாய், சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று கூட்டிக்கொண்டே போனாள். வீட்டில் பக்தி என்று பெருமைப்பட்டார்கள். மூன்று மாதம் மாதவிடாய் நின்ற பிறகுதான் அழைத்து வந்தார்கள். விரதம் முடிந்த ராத்திரி கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுகிறவர்கள் பால், பழம் எடுத்துக்கொள்கிற விரதமாக மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம்.

12. "பொண்ணு சாப்பிட்டு முடிச்சதும் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கறா. கேட்டா கோபப்படறா. பயமா இருக்கு."

உங்கள் பயம் நியாயமானது. நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற இந்த நோய்க்குப் புலிமியா என்று பெயர். 1979-ல் லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்தார். எடை சாதாரணமாகவே இருக்கும், அதனால் வீட்டில் வருடக்கணக்கில் தெரியாது. காதுக்குக் கீழே கன்னம் வீங்குவது, பல் கூசுவது, விரல் மூட்டின் மேல் தழும்பு, பேதி மாத்திரை அட்டை இவற்றைக் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பே தடுமாறலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திட்ட வேண்டாம், பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் பேச்செடுக்கவும் வேண்டாம். "நீ கஷ்டப்படற மாதிரி தெரியுது, டாக்டரைப் பார்க்கலாமா, நானும் வரேன்" என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். மனநல மருத்துவர், உணவு ஆலோசகர் இருவரும் வேண்டியிருக்கும். முதலில் போனில் பேச நினைத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், இலவசம். அவளுக்கு இரண்டு தகவல் போய்ச் சேரட்டும்: வாந்தி எடுத்த கையோடு பல் தேய்த்தால் பல் இன்னும் அரிக்கும், தண்ணீரில் கொப்பளித்தால் போதும். பேதி மாத்திரை பெருங்குடலில்தான் வேலை செய்கிறது. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் சேர்ந்துவிடும், போவது தண்ணீரும் உப்பும்தான்.

13. "எங்க பொண்ணு குண்டாயிடுவேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வயிறு உப்புசம்னுதான் சாப்பிட மாட்டேங்கறா. இது அந்த நோய் இல்லல்ல?"

சாப்பிடவே மறுத்து உடம்பு கரைகிற அனோரெக்சியாவைத்தான் கேட்கிறீர்கள். அதாக இருக்கவும் கூடும். 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், உடம்பு கரைகிற அளவுக்குச் சாப்பிட மறுத்த பெண்களில் பலர் குண்டாகிவிடும் பயத்தைச் சொல்லவே இல்லை, வயிறு உப்பியிருக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள் என்று பதிவு செய்தார். நம் வீடுகளிலும் மனசு வலியை வயிற்று வலியாகத்தான் சொல்வோம். குடல் மருத்துவரைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்ற பிறகும் எடை இறங்கினால், மாதவிடாய் நின்றால், மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச்சத்துகள் தடுமாறும். மருத்துவர் பார்வையில்தான் கூட்ட வேண்டும்.

14. "அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க. அஞ்சு கிலோ குறைச்சாகணும். ஒரு தடவை மட்டும் உதவி பண்ணுங்களேன்?"

மாட்டேன் என்று சொல்லும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். ஒரு மாதப் பட்டினியில் முதலில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். நிச்சயதார்த்தத்துக்குள் திரும்ப ஏறும், 3-ல் சொன்ன குரலும் கூடவே வரும். அதைவிட, ஐந்து கிலோவுக்காகச் சரி என்கிற வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு வேளையும் யாரோ உங்கள் தட்டைப் பார்ப்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.

15. "நீங்க சொன்ன மாதிரியே சாப்பிட்டேன். நாலு மணிக்கு டப்பா பக்கம் போறதில்ல. ஆனா வெயிட் அப்படியேதான் இருக்கு. அப்ப இது தோத்துப் போச்சா?"

சிலருக்கு எடை குறைகிறது, சிலருக்கு அப்படியே நிற்கிறது, முதல் சில வாரம் ஒன்றிரண்டு கிலோ கூடுகிறவர்களும் உண்டு. இதை முன்பே சொல்லிவிடுவது என் கடமை. உடல்வாகு பரம்பரையாக வருவது, எல்லாருக்கும் ஒரே அளவு வராது. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி என்று எடை குறைக்க மருத்துவக் காரணம் இருந்தால், சாப்பாடு மூன்று நான்கு மாதம் நிலைப்பட்ட பிறகு அதை மெதுவாகச் செய்யலாம். மருத்துவரோடு சேர்ந்து நானே வழி சொல்வேன்.

2-வது கேள்வியில் சொன்னேனே, அந்த 38 வயதுப் பெண் போன மாதம் வந்திருந்தார். எடையில் ஒரு கிலோகூட மாற்றமில்லை. முறுக்கு டப்பா இப்போது மேல் தட்டில் இல்லை, சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கிறதாம். நாலு மணிக்கு மாமியாருக்கும் தனக்கும் டீ போட்டு, ஆளுக்கு இரண்டு முறுக்கு எடுத்து வைப்பாராம். மூடி டொக்கென்று திறக்கிற சத்தம் கேட்டதும் மாமியாரே வந்து உட்கார்ந்துவிடுகிறார் என்றார்.